‘கிரீன் புக்’: திருந்தியவருக்குப் பரிசு, அவமதிக்கப்பட்டவருக்குத் துணைப் பாத்திரம்

2019 பிப்ரவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டால்பி அரங்கில் நடைபெற்ற 91ஆவது ஆஸ்கர் விழாவில், ஆண்டின் சிறந்த திரைப்படம் ‘கிரீன் புக்’ என அறிவிக்கப்பட்டதும் இயக்குநர் ஸ்பைக் லீ தமது இருக்கையிலிருந்து எழுந்து வெளியேற முற்பட்டார். அதே மாலையில்தான் ‘பிளாக்கிளான்ஸ்மேன்’ படத்தின் திரைக்கதைக்காக, போட்டிப் பிரிவில் தமது முதல் ஆஸ்கரை அவர் பெற்றிருந்தார். தோற்றவரின் பொறாமை என்று அச்செயலைச் சிலர் எள்ளி நகைத்தனர். அது பொறாமையன்று. அவர் எழுந்ததற்கு முப்பதாண்டு வரலாறு உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

ஆண்டுகள் பல கடந்த பின்பும் அப்படத்தைப் பற்றி நாம் எழுதக் காரணம் உண்டு. ஒடுக்குவோருக்கும் ஒடுக்கப்படுவோருக்கும் இடையே நல்லிணக்கத்தைப் பேசும் படங்களுக்கு எடுத்துக்காட்டாக ‘கிரீன் புக்’ இன்றளவும் பரிந்துரைக்கப்படுகிறது. யாருடைய மனமும் புண்படாமல், சிரிக்கச் சிரிக்க நிறவெறியைப் பேசிவிட்டதாம். யாருடைய மனம் புண்படவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

கதை எளியது. ஆண்டு 1962. நியூயார்க்கின் கோபகபானா இரவு விடுதியில் அடியாளாக வேலை பார்க்கும் இத்தாலிய வம்சாவளி வெள்ளையர் டோனி வல்லெலோங்கா, சில மாதங்கள் வேலையின்றி நிற்கிறார். கார்னெகி ஹால் கட்டடத்தின் மேல்தளத்தில் வசிக்கும் கறுப்பினப் பியானோ மேதை டான் ஷர்லி, அமெரிக்கத் தென்மாநிலங்களில் இசைப்பயணம் மேற்கொள்ளும் பொருட்டு அவரைக் காரோட்டியாக அமர்த்துகிறார். முரடரும் மேதையும் ஒரே காரில். வழியெங்கும் அவமானங்கள், வாக்குவாதங்கள், வேடிக்கைகள். பயணம் முடிந்து கிறிஸ்துமஸ் இரவில் டோனியின் வீட்டு விருந்துக்கு ஷர்லி வந்து நிற்க, டோனியின் மனைவி அவரைக் கட்டியணைக்கிறார். ‘டம்ப் அண்ட் டம்பர்’ போன்ற அசட்டு நகைச்சுவைப் படங்களால் பெயர்பெற்ற பீட்டர் ஃபேரலியின் இயக்கம். கோல்டன் குளோப் விருதில் ‘இசை அல்லது நகைச்சுவை’ப் பிரிவில் முதலிடம் பெற்ற படம் இது. எனவே இதை நகைச்சுவைப் படம் என்றே எடுத்துக்கொண்டு பேசுவதில் பிழையில்லை.

படத்தின் தொடக்கத்திலேயே வரும் ஒரு காட்சியை நம் வாசகர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். டோனியின் வீட்டில் இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் பழுதுபார்க்கும் வேலை செய்துகொண்டிருக்கின்றனர். கூடத்தில் குழுமியிருக்கும் ஆண் உறவினர்கள் இத்தாலிய மொழியில் அவர்களை இழிவாகப் பேசிக்கொள்கின்றனர். டோனியின் மனைவி டொலோரஸ் வேலையாட்களுக்குக் கண்ணாடிக் குவளைகளில் குடிக்கக் கொடுக்கிறார். அவர்கள் குடித்துவிட்டுச் சென்றதும், கழுவுதொட்டியில் இருக்கும் அவ்விரு குவளைகளையும் டோனி விரல்நுனியால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். பின்னர் டொலோரஸ் அவற்றைக் கண்டு, தலையை அசைத்துக்கொண்டே வெளியே எடுத்துவைக்கிறார்.

இரட்டைக் குவளை முறையைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இக்காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தார்கள். அது சட்டப்படி குற்றம் என்று பேச்சு எழுந்ததும் சில ஊர்களில் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டும் குடித்தவுடன் எறிந்துவிடும் காகிதக் குவளையை நீட்டினார்கள். குவளை மாறியது, தீட்டு மாறவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிச் சமையலறையில் டோனி செய்வதும் அதுவே. அக்காட்சியைப் படத்தில் வைத்தமைக்காக இயக்குநரைப் பாராட்டக்கூட நமக்கு மனம் வருகிறது.

ஆனால் அடுத்து என்ன நிகழ்கிறது? அவ்விரு தொழிலாளர்களும் படத்தில் மறுபடி வருவதே இல்லை. தாம் வாய்வைத்த குவளை குப்பைக்குப் போனது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்ற கேள்வியும் படத்திற்கு எழவில்லை. காட்சியின் பயன் ஒன்றே ஒன்று: டோனி எங்கிருந்து கிளம்புகிறார் என்பதைக் குறித்துவைப்பது. இரண்டு மணிநேரம் கழித்து அவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று நாம் வியக்க வேண்டுமல்லவா? அந்த அளவுகோலின் தொடக்கப் புள்ளியாக இரண்டு மனிதர்களின் அவமானம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. தீண்டாமையை இழைத்தவரின் ஆன்ம வளர்ச்சிக்குத் தீண்டப்படாதவர்கள் படிக்கட்டாகிறார்கள்.

தற்செயலாக, அதே 2018ஆம் ஆண்டில் தமிழில் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ படமும் குவளைகளைக் காட்டியது. மாரி செல்வராஜின் அப்படம் இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றிடையே ஒரு பூவுமாக நிறைவுபெறுகிறது. அதற்கு முந்தைய உரையாடலில், தன்னைக் கொல்லத் துணிந்த சாதிக்குப் பரியன் மன்னிப்பை அள்ளி வழங்கவில்லை. எதிரில் இருப்பவர் மாறாதவரை எதுவும் மாறாது என்பதைச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறான். கட்டித் தழுவல் இல்லை, விருந்து இல்லை. இரு குவளைகளும் அருகருகே இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் உள்ள இடைவெளியும் இருக்கிறது. 66ஆவது தேசியத் திரைப்பட விருதுப் பட்டியலில் அப்படத்திற்கு இடம் கிடைக்கவில்லை. இரு நாடுகளின் விருதுகளையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆயினும் எவ்வகைக் குவளை மேடையேறுகிறது, எவ்வகைக் குவளை வெளியே நிறுத்தப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

‘கிரீன் புக்’ நம்மைச் சிரிக்கவைக்கும் விதத்தையும் சற்றே உற்றுநோக்க வேண்டும். கென்டக்கி மாநிலத்தில் கார் செல்லும்போது டோனி ஒரு பெட்டி நிறையப் பொரித்த கோழியை வாங்கிக்கொண்டு, ஷர்லியைச் சாப்பிடுமாறு வற்புறுத்துகிறார். கறுப்பினத்தவர் அனைவரும் பொரித்த கோழிப் பிரியர்கள் என்பது அந்நாட்டின் பழைய இழிவுரைகளுள் ஒன்று. பண்ணையடிமைக் காலத்திலிருந்து கேலிச்சித்திரங்களிலும் திரைப்படங்களிலும் தொடர்ந்து வருவது. ஷர்லி தாம் அதை உண்டதே இல்லை என்கிறார். டோனி விடுவதாயில்லை. இறுதியில் அவர் தயங்கித் தயங்கிக் கடித்து, எலும்பைச் சன்னல் வழியே வீசும்போது அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. பின்னர் வட கரோலினாவில் ஒரு வெள்ளைப் பணக்காரரின் மாளிகை விருந்தில், ஷர்லிக்கென்றே சிறப்பாகச் சமைத்ததாகக் கூறி அதே பொரித்த கோழியைக் கொண்டுவந்து வைக்கின்றனர். அங்கே படம் அதை அவமதிப்பாகக் காட்டுகிறது. மாளிகைக்காரர் தந்தால் இழிவு, காரோட்டி தந்தால் நட்பு! இழிவுரை ஒன்றுதான்; நமக்குப் பிடித்த வெள்ளையரின் வாயிலிருந்து வந்தால் அது வேடிக்கையாகிவிடுகிறது. அந்த மாளிகையில் வீட்டினுள் இருக்கும் கழிப்பறையைப் பயன்படுத்த ஷர்லி அனுமதிக்கப்படாமல், தோட்டத்து மரக்கொட்டகைக்குப் போகச் சொல்லப்படுகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். படத்தின் ஆகச் சிறந்த காட்சிகளுள் அது ஒன்று. மறுத்துவிட்டு விடுதிவரை சென்று திரும்பும் ஷர்லியின் முகத்தில் மகர்ஷலா அலி கொண்டுவரும் அமைதி, வசனம் எழுதியவர்கள் எட்டாத இடத்தில் நிற்கிறது.

இசையைப் பற்றிய காட்சிகளில்தான் படத்தின் அகந்தை முழுமையாக வெளிப்படுகிறது. கார் வானொலியில் ஒலிக்கும் லிட்டில் ரிச்சர்டையும் அரேதா ஃபிராங்கிளினையும் அடையாளம் காணத் தெரியாத கறுப்பராக ஷர்லி சித்திரிக்கப்படுகிறார். இவர்கள் உங்கள் ஆட்கள் ஆயிற்றே என்று டோனி அதிசயிக்கிறார். கறுப்பினத்தவருக்குக் கறுப்பிசையை அறிமுகப்படுத்தும் பொறுப்பும் வெள்ளைக் காரோட்டியின் தலையில். உண்மை வேறு. கறுப்பினத் தொழிலாளர்களின் உழைப்புப் பாடலான ‘வாட்டர் பாய்’ பாடலைப் பியானோவில் இசைத்து, 1961இல், அதாவது இந்தப் பயணத்துக்கு ஓராண்டு முன்பே, அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் இடம்பெறச் செய்தவர் டான் ஷர்லி. செவ்வியல் இசைப் பயிற்சியையும் கறுப்பினத்தவரின் பக்திப் பாடல் மரபையும் ஒன்றாக்கித் தமக்கெனப் பாணி அமைத்துக்கொண்ட கலைஞர் அவர். தம் மக்களை அறியாதவராக அவரைக் காட்டியது கதைக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஏனெனில் கற்றுக்கொடுக்க டோனியிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

அதைவிடக் கொடியது, மழைக்காட்சிக்கு முன்வரும் வாக்குவாதம். தெருவில் உழைத்துப் பிழைக்கும் தானே ஷர்லியைவிடக் கறுப்பானவன் என்று டோனி பொரிந்து தள்ளுகிறார். ஷர்லியின் மறுமொழி உருக்கமானதுதான். ஆனால் அவ்வுருக்கம் டோனியின் கூற்றை மறுக்கவில்லை, தாம் எங்கும் சேராதவர் என்ற புலம்பலாக முடிகிறது. வறுமையைக் காட்டிச் சாதியை மறைக்கும் வாதம் நமக்குப் பழகிய ஒன்று. ஏழைப் பிராமணர், வசதி படைத்த தலித் என்ற இணையை நீட்டி இடஒதுக்கீட்டை மறுப்போரை நாள்தோறும் சந்திக்கிறோம். எவ்வளவு வசதியிருந்தாலும் ஷர்லியால் அந்த மாளிகையின் கழிப்பறைக்குள் நுழைய முடியவில்லை, எவ்வளவு வறுமையிலும் டோனியால் முடிந்தது என்பதைச் சற்று முன்னர்தான் காட்டிய படம், அதைத் தானே மறந்துவிடுகிறது.

திரைக்கதையை எழுதிய மூவருள் ஒருவர் நிக் வல்லெலோங்கா, டோனியின் மகன். தந்தையிடம் கேட்ட கதைகளைக் கொண்டும், ஷர்லியிடம் தாம் பேசியதைக் கொண்டும் எழுதியதாக அவர் கூறினார். டோனி, ஷர்லி இருவரும் 2013ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டனர். ஷர்லியின் குடும்பத்தாரோ, படம் உருவானபோது தங்களிடம் எவரும் கலந்துபேசவில்லை என்றனர். உடன்பிறந்தாரோடு தொடர்பற்ற தனியராக அவரைப் படம் காட்டுவது பொய் என்றார் தம்பி மோரிஸ் ஷர்லி. படமே பொய்களின் தொகுப்பு என்று சாடினார். இதையடுத்து நடிகர் அலி அக்குடும்பத்தினரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: டோனியை வெறும் காரோட்டியாக அன்றி நம்பிக்கைக்குரியவராகக் குறிப்பிட்டு ஷர்லி தாமே பேசிய ஒலிப்பதிவு உள்ளது. ஹாரி பெலஃபான்டே போன்ற மூத்த கறுப்பினக் கலைஞர்களும் படத்தை ஆதரித்தனர். அந்த நட்பு உண்மையாக இருந்திருக்கலாம். இரண்டு மனிதரிடையே நட்பு மலர்ந்ததா என்பது நம் வழக்கன்று. அந்த நட்பின் கதையை ஒரு வீட்டார் மட்டும் சொல்ல, மற்ற வீட்டார் திரையரங்கில் நுழைவுச்சீட்டு வாங்கித் தெரிந்துகொள்ள நேர்ந்ததே, அதுதான் வழக்கு.

விருதுப் பட்டியலே இதை ஒப்புக்கொள்கிறது. விகோ மார்டென்சன் சிறந்த நடிகருக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார். மகர்ஷலா அலி சிறந்த துணை நடிகருக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்டு வென்றார். எவருடைய கச்சேரிப் பயணமோ, எவருடைய பணத்தில் எவருடைய கார் ஓடுகிறதோ, எவர் அடிபட்டு அவமானப்பட்டு மேடையேறுகிறாரோ, அவர் துணை. பின்கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர் நாயகர். விருதுக் கணக்கில் வெற்றி வாய்ப்பைக் கூட்டுவதற்காகத் தயாரிப்பாளர்கள் இவ்வாறு பிரிப்பது வழக்கம்தான் எனினும், இப்படத்தைப் பொறுத்தவரை அப்பிரிவினை பொய்யில்லை. திரைக்கதை ஷர்லியைத் துணைப் பாத்திரமாகவே எழுதியிருக்கிறது.

இத்தகைய படம் எவ்வாறு வென்றது? டொரோன்டோ விழாவில் பார்வையாளர் விருது, தயாரிப்பாளர் சங்க விருது என்று ஏற்கெனவே ஏறுமுகத்தில் இருந்தது. ஆஸ்கரின் சிறந்த படப் பிரிவில் மட்டும் பின்பற்றப்படும் வாக்கு முறையும் துணைநின்றது. உறுப்பினர்கள் படங்களை வரிசைப்படுத்துகின்றனர். மிகக் குறைந்த முதல் வாக்கு பெற்ற படம் நீக்கப்பட்டு, அதன் வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படுகின்றன. (நம் குடியரசுத் தலைவர் தேர்தலைக் கவனித்தவர்களுக்கு இது புதிதன்று.) பலர் ஆவேசமாக விரும்பும், பலர் வெறுக்கும் படத்தைவிட, எவரும் பெரிதாக எதிர்க்காத, எல்லோருக்கும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிடித்த படத்திற்கு இம்முறை சாதகமானது. அன்று போட்டியிட்ட 8 படங்களுள் ‘பிளாக்கிளான்ஸ்மேன்’ இருந்தது, ‘பிளாக் பேந்தர்’ இருந்தது, ‘ரோமா’ இருந்தது. எவரையும் உறுத்தாத படம் முந்திக்கொண்டது. சுமார் 2.3 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 32 கோடி டாலர் வசூலித்த படம் என்பதையும் மறக்கலாகாது. குற்றவுணர்வைக் கழுவிக்கொள்ள வழிகாட்டும் படத்திற்குச் சந்தை எப்போதும் பெரிது.

இனி ஸ்பைக் லீக்கு வருவோம். நிறவெறி எரிந்துகொண்டிருக்கும் ஒரு புரூக்ளின் தெருவையும், காவலர் கையால் கழுத்து நெரிக்கப்பட்டு இறக்கும் கறுப்பின இளைஞனையும் காட்டிய ‘டூ தி ரைட் திங்’ படத்தை அவர் 1989இல் வெளியிட்டார். 1990 ஆஸ்கரில் அதற்குச் சிறந்த படப் பிரிவில் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு வென்றது ‘டிரைவிங் மிஸ் டெய்சி’. ஒரு வெள்ளை மூதாட்டியும் அவருடைய கறுப்பினக் காரோட்டியும் நண்பர்களாகும் கதை. அதுவும் கோல்டன் குளோப்பில் நகைச்சுவைப் பிரிவில் வென்றதே. அந்தக் காரில் கறுப்பர் முன்னிருக்கையில், இந்தக் காரில் பின்னிருக்கையில். இருக்கைகளை மாற்றி அமர்த்திய அளவே 29 ஆண்டுகளின் முன்னேற்றம். யாரோ யாரையோ காரில் ஏற்றிச் செல்லும்போதெல்லாம் தாம் தோற்றுப்போவதாக லீ அன்றிரவு செய்தியாளர்களிடம் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அன்றைய நாளில் உண்மையான நகைச்சுவை அதுவாகத்தான் இருந்தது.

விமர்சனங்களுக்குப் பின் அகாதெமி சும்மா இருக்கவில்லை. சிறந்த படப் பிரிவில் போட்டியிடும் படங்கள் பிரதிநிதித்துவத்துக்கான தகுதிகளை நிறைவுசெய்ய வேண்டும் என 2020இல் அறிவித்து, 2024 விழா முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வரவேற்போம். ஆனால் அவற்றில் திரையில் தோன்றுவோர் பற்றிய தகுதியை, முதன்மை அல்லது முக்கியத் துணைப் பாத்திரத்தில் ஒடுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒரு நடிகர் இருந்தாலே நிறைவுசெய்துவிடலாம். மகர்ஷலா அலி ஒருவரைக் கொண்டே ‘கிரீன் புக்’ அதில் தேறிவிடும். தலைகளை எண்ணும் விதி, கதை எவருடைய கண்ணால் பார்க்கப்படுகிறது என்று கேட்பதில்லை. ஒரு தலித் பாத்திரத்தைச் சேர்த்துவிட்டு, ஆதிக்கச் சாதி நாயகரின் மனமாற்றத்தை முழக்கமிடும் இந்தியப் படங்களும் இதே சல்லடையில் தங்காமல் கடந்துபோகக் கூடியவையே.

இத்தனைக்கும் படத்தின் பெயர் ஒரு நூலின் பெயர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் வெளியிடத் தொடங்கிய வழிகாட்டி அது. எந்த ஊரில் எந்த விடுதியில் அறை கிடைக்கும், எந்த உணவகத்தில் அமர்ந்து உண்ணலாம், எங்கே முடிதிருத்தலாம், எந்த வீட்டில் இரவு தங்கவைப்பார்கள் என்று ஊர்வாரியாகத் தொகுத்தது. 1960இல் கிரீன் மறைந்த பின்னர் அவர் மனைவி ஆல்மா அப்பணியைத் தொடர்ந்தார். இந்நூல் தேவைப்படாத நாள் ஒன்று வரும் என அவர்கள் எழுதிவைத்தார்கள். குடியுரிமைச் சட்டம் 1964இல் நிறைவேறிய சில ஆண்டுகளில் வெளியீடு நின்றது. தம்மை விலக்கிய ஒரு நாட்டில், தமக்குள் ஒருவருக்கொருவர் கதவு திறந்துவிட்ட மக்களின் முகவரித் திரட்டு அந்நூல். படத்தில் அது வெள்ளைக் காரோட்டியின் கையில் கொடுக்கப்பட்டு, சில காட்சிகளில் புரட்டப்பட்டு, அழுக்கடைந்த ஒரு விடுதிக்கு வழிகாட்டிவிட்டு மறைகிறது. விடுதி நடத்திய கறுப்பினப் பெண்கள், உணவகம் வைத்தவர்கள், முன்பின் அறியாத பயணிக்குப் படுக்கை விரித்த குடும்பங்கள் எவரும் இல்லை.

படத்தின் கடைசிக் கச்சேரி அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில். தாம் வாசிக்க வேண்டிய அரங்கிலேயே உணவருந்த அனுமதி மறுக்கப்பட்டு ஷர்லி வெளியேறும் இடம் அது. அந்நகரில்தான் கறுப்பினத் தொழிலதிபர் ஏ. ஜி. காஸ்டன் 1954இல் கட்டிய விடுதி இருந்தது. கிரீன் நூலில் முகவரி இடம்பெற்ற விடுதி. மறு ஆண்டே, 1963இல், மார்ட்டின் லூதர் கிங்கும் தோழர்களும் அங்கே அறையெடுத்துத் தங்கி, பர்மிங்ஹாம் போராட்டத்தைத் திட்டமிட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் நிறவெறியர்கள் அதன்மீது வெடிகுண்டு வீசினர். கட்டடம் இன்றும் நிற்கிறது, 2017 முதல் தேசிய நினைவுச்சின்னத்தின் பகுதியாக. யொருபா ரிச்சன் என்ற கறுப்பினப் பெண் இயக்குநர் கிரீன் நூலைப் பற்றி எடுத்த ஆவணப்படம், ஆஸ்கர் விழா நடந்த அதே 2019 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. முதலில் அதைப் பார்க்குமாறு நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அந்நூலைக் கைகளில் வைத்திருந்தவர்கள் அதில் பேசுகிறார்கள்.